உதடு மட்டும் அசையும் காட்சி

ஜூன் 3, திங்கள்

இன்று வந்த வேலை: ‘வெண்கல நாரை: மறுகரை’. பன்னிரண்டு பகுதி, தமிழ் டப்பிங். மாதக் கடைசிக்குள் சேனலுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒலிக்கலவை முடிந்ததும் ஒவ்வொரு பகுதியும் என் மேஜைக்கு வரும். உதடும் குரலும் பொருந்துகிறதா, எங்காவது வசனம் விழுந்துவிட்டதா, சத்தம் கூடக்குறைய இருக்கிறதா என்று பார்த்து நான் ‘தேறியது’ போட்டால்தான் வெளியே போகும். இந்தச் சாலிகிராமம் ஸ்டுடியோவில் நான் வாங்கும் சம்பளம் அதற்குத்தான்.

உலகத்தில் எத்தனையோ அனிமே இருக்க, இதுவா வர வேண்டும்?

முதல் தொடர், வெறும் ‘வெண்கல நாரை’, நாங்கள் பள்ளிக்கூடம் படிக்கும்போது தமிழில் வந்தது. கெய்ட்டோ என்ற இளைஞன் ‘நாரை’ என்ற பழைய பறக்கும் எந்திரத்தில் போய்க் கடலில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுவான். கடைசிப் பகுதியில் புயலுக்குள் போனவன் திரும்பவில்லை. அதோடு விட்டிருக்கலாம். பல வருடம் கழித்து ‘மறுகரை’ என்று இரண்டாவதை எடுத்தார்கள். அதில் கெய்ட்டோ கிடையாது. அவன் தங்கை மியோ வளர்ந்து, கரையில் ஒரு ரேடியோ அறையில் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் கதை.

இரண்டு வருடத்துக்கு முன் ஜப்பானில் இது வந்தபோது ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பாதிப் பேர் காவியம் என்றார்கள். பாதிப் பேர் துரோகம் என்றார்கள். துரோகம் என்றவர்களுக்குத் தமிழில் நான்தான் தலைவன். ‘வெண்கல நாரையைக் கொன்றது யார்?’ என்ற என் வீடியோவை நான்கு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

தமிழ் வசனம்: சிபி.

எனக்கென்ன? எவன் எழுதினாலும் ஃப்ரேம் ஃப்ரேம்தான்.

வசனத்துக்கு ஆள் தேடியபோது டப்பிங் இயக்குநர் தில்லை சார் நாலைந்து பேரிடம் சோதனைக்கு ஒரு காட்சி எழுதி வாங்கினார். நானும் ஒன்று கொடுத்தேன். சும்மா, பொழுது போகாமல்.

ஜூன் 4

ஏசி ரிப்பேர். அந்தச் சோதனைக் காட்சியை மூன்று தடவை அடித்துத் திருத்தினேன் என்பதால் அது பொழுதுபோக்கு இல்லை என்று ஆகிவிடாது.

ஜூன் 6, வியாழன்

ஒன்றும் இரண்டும் பார்த்தாயிற்று. முன்பு சொன்னது இப்போதும் சரி. நாரையைக் கம்ப்யூட்டரில் செய்திருக்கிறார்கள். முதல் தொடரில் கையால் வரைந்த நாரை இறங்கும்போது அதன் கனம் தெரியும், இறங்கும் மேடை அதிரும். இது தண்ணீர்க் குடம் மாதிரி பளபளவென்று வந்து சத்தமில்லாமல் நிற்கிறது. பிளாஸ்டிக்.

மத்தியானம் சிபி வந்தான். என் அறை வாசலில் நின்று, “என்ன மாப்ள, ஏதாச்சும் தேறுச்சா?” என்றான்.

“ரெண்டாவதுல நாலு இடத்துல உதடு மூடுறதுக்கு முன்னாடியே ‘ப’ வந்துருது.”

“நாலுதானா? உங்கிட்ட நான் நாப்பது எதிர்பாத்தேன்.”

பின்னால் நின்ற நர்மதா சிரித்தாள். மியோவுக்குக் குரல் கொடுப்பவள் அவள். சிரிக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

“சிபி, ‘கடலுக்கு என்ன, அது பாட்டுக்குக் கெடக்கும்’னு ஒரு டயலாக் வருதுல்ல? அது ஜப்பான்லயே அப்படியா, நீங்களா போட்டதா?” என்று கேட்டாள்.

“அங்க ‘கடல் பேசாது’ன்னு இருக்கு. அப்படிச் சொன்னா நம்ம ஊர்ல எவன் பேசுவான்?”

“செம. சொல்றப்போ வாய்க்கு சொகமா இருக்கு.” என் பக்கம் திரும்பி, “விக்டர் சார், ஏன் உர்ருன்னு இருக்கீங்க?” என்றாள்.

அவன் சிபி. நான் விக்டர் சார். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. எனக்கு அவனைவிட முடி அதிகம்.

ஜூன் 8, சனி

சிபியும் நானும் திண்டுக்கல்லில் ஒரே எஞ்சினியரிங் காலேஜ், ஒரே விடுதி அறை. இரண்டு பேருமாக அனிமேக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டு வெளியிட்டோம். எந்த எழுத்து எந்த ஃப்ரேமில் தோன்றி எதில் மறைய வேண்டும் என்று பார்ப்பது நான். எழுதுவது அவன். நான் ஹெட்ஃபோனை மாட்டினால் உலகம் தெரியாது. அம்மா தினமும் ஃபோன் பண்ணுவாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிடுவேன். சிபிதான் எனக்குப் பதிலாக ‘ம்’ கொட்டிக்கொண்டிருப்பான்.

பார்த்தவர்கள் எல்லாம் அவன் வசனத்தை எடுத்துப் போட்டுக் கொண்டாடினார்கள். ‘டைமிங் அருமை’ என்று ஒருத்தன்கூடச் சொன்னதில்லை. டைமிங் சரியாக இருந்தால் அது கண்ணில் படாது. அதுதான் அதன் கஷ்டம். இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

‘மறுகரை’ வந்ததும் அவனுக்குப் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. என் வீடியோவைப் போடுவதற்கு முன் அவனுக்கு அனுப்பினேன். “தப்புன்னு சொல்லல மாப்ள. அவசரம்னு சொல்றேன்” என்றான். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது பேசுவதெல்லாம் வேலைக்காக.

ஜூன் 11, செவ்வாய்

இன்று மூன்றாம் பகுதி. சிபி மாட்டிக்கொண்டான்.

மியோவின் நினைவில் ஒரு காட்சி வருகிறது. புயல். நாரையின் கண்ணாடிக்குப் பின்னால் கெய்ட்டோ. நம்மைப் பார்த்து ஏதோ சொல்கிறான். வாய் நன்றாக அசைகிறது. குரல் இல்லை. மழைச் சத்தம் மட்டும். என் வீடியோவிலேயே பிரபலமான இடம் இதுதான். “அண்ணனுக்குக் குரல் பதிவு பண்ணவே மறந்துட்டானுங்கடா” என்று நான் சொன்னதை வெட்டி ஊரே மீம் போட்டது.

சேனலுக்கு ஒரு விதி உண்டு. உதடு ஒரு வினாடிக்கு மேல் அசைந்தால் குரல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் பார்ப்பவர்கள் டிவி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். வேண்டுமென்றே விட்ட மௌனம் என்றால் வசனம் எழுதுபவர் விலக்கு கேட்கலாம். சிபி கேட்டிருந்தான். நான் ஏற்கவில்லை. ‘தேறவில்லை’ போட்டேன்.

தில்லை சார் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

“என்னய்யா சிபி, ரெண்டு செகண்டு வாய் அசையுது. நாலு வார்த்த போட்டுட்டுப் போயேன்.”

“வேணும்னுதான் சார் விட்டுருக்காங்க. கடைசிப் பகுதியில இதுக்குப் பதில் வருது.” என்னைப் பார்த்தான். “உனக்குத் தெரியும்ல மாப்ள?”

“தெரியாம என்ன?” என்றேன். “அது ஒரு பதிலே இல்ல. இங்க ஓட்ட இருக்கு, அடைக்கணும்.”

சிபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து மூடினான்.

“பாரு, முழுசா பாத்து விமர்சனமே போட்ட ஆளு சொல்றாரு” என்றார் தில்லை சார். “எழுதிக் குடுத்துரு.”

“நான் எழுத மாட்டேன் சார்.”

“அப்ப விக்டர், நீ எழுது. எழுதணும்னு உனக்கும் ஆசதானே?”

ஆசை எல்லாம் இல்லை. வேலை என்றால் செய்ய வேண்டியதுதான்.

ஜூன் 12, புதன்

பத்தே நிமிடத்தில் எழுதிவிட்டேன். காட்சியில் கெய்ட்டோவின் உதடு மூன்று இடத்தில் மூடித் திறக்கிறது. ஆகவே ‘ம’வோ ‘ப’வோ மூன்று இடத்தில் வர வேண்டும், அதுவும் அதே இடைவெளியில்.

“மியோ, பயப்படாதே.”

மி, ப, ப்ப. மூன்றும் ஃப்ரேம் பிசகாமல் உட்காருகிறது. கச்சிதம்.

காலையில் கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை என்பதைச் சாயங்காலம் பையைத் தூக்கியபோதுதான் கவனித்தேன்.

ஜூன் 14, வெள்ளி

பதிவு முடிந்தது. கெய்ட்டோவுக்குக் குரல் கொடுப்பவர் இரண்டாவது டேக்கிலேயே சரியாகச் சொல்லிவிட்டார். நர்மதா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். “நல்லாருக்கு விக்டர். தைரியம் சொல்ற மாதிரி இருக்கு” என்றாள்.

சார் இல்லை. விக்டர்.

தில்லை சார் பெயர்ப் பட்டியலில் ‘கூடுதல் வசனம்: விக்டர்’ என்று சேர்க்கச் சொல்லிவிட்டார். எல்லாப் பகுதியின் முடிவிலும் வரும். சிபியின் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில். அளவு அதேதானா என்று கிராஃபிக்ஸ் பையனிடம் கேட்டுக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். “டிவியில உன் பேரு வருமா? எழுத்துல?” என்று நாலு தடவை கேட்டாள். பிறகு வழக்கமான விசாரணையைத் தொடங்கினாள். தூங்கினாயா, துணி துவைத்தாயா, வெயிலில் அலையாதே. ‘சரிம்மா’ என்று பாதியில் வைத்துவிட்டேன். அவள் ஒருநாளும் சீக்கிரம் முடிக்க மாட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

அம்மா, மாதா கோயிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். பங்குச் சாமியாரிடமும். என் தொடர் எப்போது வருகிறது என்று அவர் கேட்டாராம். என் தொடராம்.

நான் திருத்தவில்லை.

ஜூன் 20, வியாழன்

நாலு, ஐந்து, ஆறு.

நாலில் குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு மீன் கம்பெனிக்காரன் வில்லனாக வந்து பத்து வசனம் பேசுகிறான். பிறகு ஆளைக் காணோம். ஐந்தில் பாதி பழைய காட்சிகளையே ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். வெட்கம் கெட்ட வேலை. இதையெல்லாம் நான் அன்றே சொன்னேன்.

ஆறு.

ஒரு படகு மூழ்குகிறது. அந்தப் படகைக் காட்டவே மாட்டார்கள். மியோ ரேடியோ முன்னால் உட்கார்ந்து கேட்கிறாள், நாமும் கேட்கிறோம், பாதிப் பகுதி அப்படியே போகிறது. “படகு வரையக்கூடக் காசில்லையா?” என்று வீடியோவில் கிண்டலடித்திருந்தேன். இன்று ஒலி அளவு பார்க்க ஸ்டுடியோ ஹெட்ஃபோனில் கேட்டேன். எஞ்சின் சத்தம் இடது காதில் தொடங்குகிறது. தண்ணீர் ஏற ஏற அது கீழே இறங்குகிறது. மேலே மனிதர்கள் ஓடுகிறார்கள். ஒருவன் இருமுகிறான். பிறகு அந்த இருமல் இல்லை. அதை மியோ கவனிக்கிறாள் என்பது அவள் குறிப்பெடுக்கும் பென்சில் நிற்பதில் தெரிகிறது.

அன்று நான் இதைக் கேட்டது லேப்டாப் ஸ்பீக்கரில்.

குறிக்க வேண்டிய பிழை ஒன்றும் இல்லை. சிபி அந்த இடங்களில் மியோவுக்கு எழுதியிருப்பது வெறும் “சொல்லுங்க”, “ம்”, “இருக்கேன்”. ரசித்துக் கேட்க வேண்டிய வசனம் ஒன்றுகூட இல்லை. ஒரு எழுத்தாளன் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இவ்வளவு நேரம் இருக்க முடியுமா? என்னால் முடியாது. நான் எழுதியிருந்தால் அந்தப் பெண் குறைந்தது மூன்று தடவையாவது தத்துவம் பேசியிருப்பாள்.

ஜூன் 21

ஏழு. பாதிக்கு மேல் எல்லாம் புதிதாக இருக்கிறது. அதாவது, மறந்துவிட்டது.

ஜூன் 24, திங்கள்

எட்டும் ஒன்பதும் நன்றாக இருக்கின்றன. எழுதிவிட்டேன், போதும்.

நிறம் பற்றியும் ஒன்று. முதல் தொடரின் அந்தப் பளிச்சென்ற நீலத்தை அழித்துவிட்டார்கள், எல்லாம் சாம்பல் என்று சொல்லியிருந்தேன். ஒன்பதில் மியோ பத்து வருடம் கழித்து முதல் தடவையாகக் கடலில் இறங்குகிறாள். கால் நனையும் இடத்தில் மட்டும் பழைய நீலம். அதற்காகத்தான் அதுவரை சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது வரை உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் அது கிடைக்கும்.

சிபி இதை இரண்டு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டான். தனியாக. விடுதியில் நல்ல இடம் வந்தால் நிறுத்தி, “மாப்ள, இங்க வா, இத பாரு” என்று என் ஹெட்ஃபோனைப் பிடுங்குவான். இதற்கு யாரைக் கூப்பிட்டிருப்பான்?

டீக்கடையில் அவனும் நர்மதாவும் நின்றிருந்தார்கள். ஏதோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. டீ வேண்டாம் என்று தோன்றியது.

ஜூன் 26, புதன்

பன்னிரண்டு.

நடப்பதை அப்படியே எழுதுகிறேன். புயல் நாளில் கெய்ட்டோ காப்பாற்றிய படகில் இருந்த ஒரு கிழவர் மியோவைத் தேடி வருகிறார். அன்று சின்னப் பெண்ணாக இருந்த மியோ, அண்ணன் தன்னைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகவில்லை என்ற கோபத்தில் வீட்டு ரேடியோவை அணைத்துவிட்டாள். அவன் அவளைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் கேட்கவில்லை. படகில் இருந்தவர் கேட்டிருக்கிறார். மூன்றாம் பகுதியில் குரல் இல்லாததற்குக் காரணம் அதுதான். அவள் கேட்காததால் அவள் நினைவில் அதற்குச் சத்தம் இல்லை. மறந்துபோய் விட்டதல்ல.

மறுபடி அதே காட்சி. கண்ணாடி, மழை, கெய்ட்டோவின் உதடு. இந்தத் தடவை அதன்மேல் அந்தக் கிழவரின் குரல் வருகிறது. அண்ணன் சொன்னதை அவர் சொல்கிறார்.

“மியோ, சாப்பிட்டுப் படு.”

அவ்வளவுதான். பிறகு மியோ அழுகிறாள்.

ஜப்பானிய மூலத்தில் ‘எனக்காகக் காத்திருக்காதே’ என்று இருக்கிறது. அப்படியே தமிழில் வைத்தால் உதடு எங்குமே மூடாது. எப்படி இதைப் பிடித்தான்? மி, ப்பி, ப்ப. மூன்று. ஃப்ரேமைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. டைமிங் என் வேலை. அதையும் எடுத்துக்கொண்டான்.

இப்போது பிரச்சினை. மூன்றாம் பகுதியில் அதே உதட்டில் “மியோ, பயப்படாதே” இருக்கிறது. ஒரே காட்சியில் அவன் இரண்டு வேறு வாக்கியம் பேச முடியாது. ஏதாவது ஒன்று போக வேண்டும்.

ஜூன் 27, வியாழன்

தில்லை சாரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. “மூணாவது போய்ச் சேர்ந்தாச்சு. பன்னெண்டு நம்ம கையில இருக்கு. கெழவர வச்சு ‘மியோ, பயப்படாதே’ன்னு ஒரு டேக் எடுத்தா முடிஞ்சுது. உன் வரியே கிளைமாக்ஸாயிரும்யா!”

நாளை மதியத்துக்குள் என் அறிக்கை வேண்டுமாம்.

என் வரி கிளைமாக்ஸ். நாலு லட்சம் பேர் என்ன, மொத்தத் தமிழ்நாடும் கேட்கும்.

மூன்றாம் பகுதியிலிருந்து என் வரியை வெட்டிப் பன்னிரண்டில் கிழவர் பேசும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. சத்தத்தைச் சமன் செய்து இன்னொரு தடவை ஓட்டினேன். அப்போதும் பொருந்தியது. பிறகு மியோ அழுதாள். ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. புயலில் சாகப் போகிறவன் தங்கையிடம் ‘பயப்படாதே’ என்று சொன்னால் அது போஸ்டரில் போட நன்றாக இருக்கும். அவள் வீட்டில்தானே இருக்கிறாள்? அவளுக்கு என்ன பயம்? அவளுக்குப் பசி இருக்கலாம். தூக்கம் வந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அதை வேலையாக இல்லாமல் ஒரு தடவை பார்க்கத் தோன்றியது. ஃபோனில் அனிமே பார்க்கும் பழைய செயலி கிடந்தது. விடுதிக் காலத்திலிருந்தே சிபியின் கணக்கைத்தான் இரண்டு பேரும் பயன்படுத்தினோம். இந்நேரம் கடவுச்சொல்லை மாற்றியிருப்பான் என்று நினைத்துத் தட்டினேன். திறந்தது.

இரண்டு முகங்கள். ஒன்று ‘சிபி’. இன்னொன்றுக்கு அவன் அன்று வைத்த பெயர் அப்படியே இருந்தது: ‘நொட்டை’. நான்தான் அது. அழுத்தினேன்.

தொடர்ந்து பார்க்க: மறுகரை, பகுதி 7. அடியில் சிவப்புக் கோடு, பாதியில் நின்றிருந்தது.

அவனும் அங்கே போய்ப் பார்த்திருப்பான். என் வீடியோ வந்த நாளிலேயே பார்த்திருப்பான். அன்று தில்லை சார் அறையில் வாயைத் திறந்து மூடினானே, அவன் சொல்லாமல் விட்டது இதைத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் காட்சி பிழைத்திருக்கும், என் மானம் போயிருக்கும். அவன் காட்சியை விட்டுக்கொடுத்தான்.

என்னிடம் இல்லாதது எல்லாம் இவனிடம் எதற்கு இவ்வளவு இருக்கிறது?

ஜூன் 28, வெள்ளி

அறிக்கை: பகுதி 12, தேறியது. பகுதி 3, தேறவில்லை. காரணம்: கூடுதல் வசனம்.

தில்லை சார் அறையில் சிபியும் இருந்தான்.

“என்னய்யா இது? ஒன் வரிய நீயே தள்ளிட்ட?”

“பன்னெண்டு சரியா இருக்கு சார். மூணுல பழையபடி மௌனமா விட்டுருங்க. மாத்தி அனுப்பிக்கலாம்.”

“டைட்டில்ல பேரு போட்டாச்சேய்யா.”

“அதையும் எடுத்துருங்க.”

“சேனல் ரூல்?”

“விலக்குக்கு நான் கையெழுத்துப் போடுறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப அன்னைக்கு எதுக்குக் குதிச்ச? பன்னெண்டு பாத்துட்டுத்தானே பேசுன?”

நான் வாயைத் திறப்பதற்குள் சிபி, “ஜப்பானீஸ்ல பாக்குறப்ப அவ்வளவு தெரியாது சார். தமிழ்ல கேட்டாத்தான்...” என்று ஆரம்பித்தான்.

ஒரு தடவை போதாதா? மறுபடியும் காப்பாற்ற வந்துவிட்டான். அவன் கையால் இரண்டாவது தடவை தப்பிப்பதைவிட வேறு எதுவும் மேல் என்று இருந்தது.

“பாக்கல சார்” என்றேன். “ஏழோட நிறுத்திட்டேன். வீடியோ போட்டப்பவும் பாக்கல.”

தில்லை சார் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “நல்லா வந்து சேந்தீங்கய்யா எனக்குன்னு” என்று மூன்றாம் பகுதியைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஒலிக்கலவைக்கு ஃபோன் போட்டார்.

வெளியே வந்ததும் சிபியைப் பிடித்தேன்.

“தெரிஞ்சும் ஏன்டா அன்னைக்கே சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ பாத்துருக்க மாட்ட.”

“இப்ப மட்டும் ஒனக்காகவா பாத்தேன்? சம்பளத்துக்குப் பாத்தேன்.”

“எப்பிடிப் பாத்தா என்ன மாப்ள, பாத்துட்டேல்ல.” சிரித்தான். “ஒம்பதாவதுல அந்தத் தண்ணி?”

“நீலம்.”

“ஆங்!” என்று என் தோளில் ஒரு அடி போட்டான். வலித்தது.

ஜூன் 30, ஞாயிறு

இன்னொரு வீடியோ போடத்தான் வேண்டும். நாரை இன்னும் பிளாஸ்டிக்தான், அதில் மாற்றமில்லை. ஐந்தாம் பகுதியைத் தூக்கிக் கடலில் போடலாம். அந்த மீன் கம்பெனிக்காரன் எங்கே போனான் என்று எடுத்தவர்களுக்கே தெரியாது. இத்தனை ஓட்டையையும் வைத்துக்கொண்டு ஒரு தொடர் இவ்வளவு பொறுமையாக ஒரே ஒரு வாக்கியத்துக்காக நம்மைக் காக்க வைக்க முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அண்ணன் வரவில்லையே என்று நாம்தான் பன்னிரண்டு பகுதியும் கத்தினோம். அவன் வராதது பற்றித்தான் கதை.

பேச உட்கார்ந்தேன். ‘வணக்கம்’ வரை வந்தது.

ஜூலை 24, புதன்

திங்கட்கிழமையிலிருந்து டிவியில் ஓடுகிறது. இன்று மூன்றாம் பகுதி. அது முடிந்த உடனே அம்மா ஃபோன் பண்ணினாள்.

“என்னப்பா, அந்தத் தம்பி வாய மட்டும் அசைக்கிது, சத்தத்தையே காணோம்? ஒங்கப்பா டிவி போச்சுன்னு ரிமோட்ட அடிச்சு ஒடச்சுட்டாரு.”

சேனல்காரர்கள் விதி போட்டது சும்மா இல்லை.

“அது அப்படித்தாம்மா. பன்னெண்டாவது வரைக்கும் பாரு.”

“மூணு நாளா பேரு ஓடுறப்பக் கிட்டப் போயி நின்னு பாக்குறேன். ஒன் பேரு வரலையே. சிபி பேருதான் வருது.”

“என்னோடத எடுத்துட்டாங்கம்மா.”

“யாரு எடுத்தா?”

“நான்தான்.”

சாமியாரிடம் என்ன சொல்வது என்று யோசித்திருப்பாள். பிறகு தூங்கினாயா, துணி துவைத்தாயா எல்லாம் வந்தது. வழக்கமாக வைத்துவிடும் இடம் வந்தது. இன்று கை போகவில்லை. காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு நாய், மழை வருமா வராதா, அப்பாவின் முழங்கால் எல்லாம் தாண்டிக் கடைசியில் அம்மா சொன்னாள்:

“சரி, நேரமாச்சு. சாப்ட்டுப் படு.”

ஃபோனை அவளே வைத்தாள்.

நாலு வருடம், ஒவ்வொரு நாளும், அந்த விடுதி மேஜையில், ஸ்பீக்கரில். எனக்கு வந்த ஃபோன். கடைசி வரை கேட்டு ‘ம்’ கொட்டியவன் அவன்.

வயிறு எரிகிறது. சாப்பிட்டுப் படுக்கப் போகிறேன்.